எங்கட பாட்டு, அவையின்ர இரைச்சல்

ஏ.எல் சோதனைக்கு மூன்று கிழமை இருக்கேக்க எங்கட ஊர்க் கோயில் திருவிழா தொடங்கினது. காலமை நாலரைக்கே பாட்டுப் போட்டிடுவினம். இரவு பதினொன்று தாண்டியும் ஓயாது. அம்மாவிட்டச் சொன்னன். “கோயில் பாட்டையும் குறை சொல்லுவியோ?” எண்டு பேச்சுத்தான் விழுந்தது. அதே அம்மா, பின்வீட்டுப் பிறந்தநாளுக்கு ஒரு இரவு பெட்டி அலறினபோது “பொலிசுக்குச் சொல்லோணும்” எண்டு வாசலுக்கும் விறாந்தைக்கும் நடந்தவ.

எங்கட சத்தம் பக்தி, மற்றவையின்ர சத்தம் இரைச்சல். இதை ஒரு வீட்டுப் பகிடியாகத்தான் நினைச்சிருந்தன். ஆனால் இலங்கையின் சத்தச் சட்டங்களின் வரலாற்றைப் படிக்கத் தொடங்கினபோது, இந்தக் கேள்வியிலேயே ஆட்கள் உயிரை விட்டிருக்கினம் எண்டு தெரிஞ்சது.

இன்றைக்கும் ஒலிபெருக்கி அனுமதிக்கு அடிப்படையாக இருப்பது 1865ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கப் பொலிஸ் கட்டளைச் சட்டம். அது பிரித்தானியர் கொண்டுவந்தது. அப்போது ஒலிபெருக்கியே இல்லை. அவர்களுக்குத் தொல்லையாகப் பட்டது மேளமும் பறையும் கொம்பும்தான். ஊர்வலத்துக்கும் மேளத்துக்கும் அனுமதி எடுக்க வேணும் என்ற நிலை வந்தபோது, எந்த வழிபாட்டின் ஒலி எங்கே கேட்கலாம் என்று தீர்மானிக்கும் அதிகாரமும் அரசாங்கத்தின் கைக்குப் போனது.

அதன் விளைவு 1883இல் கொட்டாஞ்சேனையில் தெரிந்தது. மார்ச் 25, உயிர்த்த ஞாயிறு. மிகெட்டுவத்தே குணானந்த தேரரின் விகாரைக்கு மேளதாளத்தோடு போன பௌத்த ஊர்வலம், புனித லூசியா பேராலயத்துக்குக் கிட்டக் கத்தோலிக்கர்களால் தாக்கப்பட்டது. விசாரணைக்கு ஆணைக்குழு வைத்தார்கள். ஒல்கொட் பௌத்தர்களின் முறைப்பாட்டை எடுத்துக்கொண்டு 1884இல் லண்டனுக்கே போனார். அடுத்த வருஷம் வெசாக் பொது விடுமுறையானது. மதத் தலங்களுக்குக் கிட்ட மேளம் அடிப்பது பற்றிய கட்டுப்பாடுகளும் இறுகின.

அடுத்தது கம்பளை. வல்லஹாகொட தேவாலைப் பெரஹராவுக்கு 1912இல் ஒரு நிபந்தனை வந்தது. அம்பகமுவ வீதிப் பள்ளிவாசலைக் கடக்கும்போது மேளத்தை நிறுத்த வேணும். தேவாலையின் பஸ்நாயக்க நிலமே அரசாங்கத்துக்கு எதிராக வழக்குப் போட்டார். 1815 கண்டி உடன்படிக்கை பௌத்த மதத்துக்குக் கொடுத்த உறுதிமொழிதான் அவருடைய வாதம். 1914 ஜூனில் கண்டி மாவட்ட நீதிமன்றத்தில் நீதிபதி போல் ஈ. பீரிஸ் அவருக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தார். 1915 பெப்ரவரியில் உயர் நீதிமன்றம் அதை மாற்றியது.

மூன்று மாதம் கழித்து, மே 28, வெசாக் இரவு. கண்டியில் பாட்டுக்காரர் ஊர்வலமொன்று பள்ளிவாசலுக்கு முன்னால் போனபோது கைகலப்பு. அது சில நாட்களிலேயே கொழும்புக்கும் தெற்குக்கும் பரவி, முஸ்லிம் மக்களின் கடைகளையும் வீடுகளையும் பள்ளிவாசல்களையும் எரித்த கலவரமாக மாறியது. அரசாங்கம் இராணுவச் சட்டத்தைப் போட்டு, சிங்களவர்களைக் கண்டபடி சுட்டது. கலவரத்துக்கு மேளம் மட்டும் காரணமில்லை. கடன், வியாபாரப் போட்டி, யுத்தகால விலையேற்றம் எல்லாம் கீழே புகைந்துகொண்டிருந்தன. மேளம் அதுக்கு நெருப்பு வைச்சது.

இதில எங்கட ஆட்களுக்கும் ஒரு பங்கு இருக்கு. சேர் பொன்னம்பலம் இராமநாதன் இராணுவச் சட்டக் கொடுமைகளுக்கு எதிராகச் சட்டசபையில் பேசி, லண்டன் போய் வாதாடி, ஒரு புத்தகமும் எழுதினார். சிங்களத் தலைவர்கள் அவரைக் கொண்டாடினர். ஆனால் கடையும் வீடும் எரிந்த முஸ்லிம்களின் துயரம் அவருடைய வாதத்தில் பின்னுக்குப் போனது என்ற விமர்சனம் இன்றைக்கும் இருக்கு. அதையும் சேர்த்துத்தான் நாங்கள் படிக்க வேணும்.

சுதந்திரத்துக்குப் பிறகு மேளத்தின் இடத்தை ஒலிபெருக்கி பிடித்தது. 1980ஆம் ஆண்டின் தேசிய சுற்றாடல் சட்டத்தின் கீழ் 1996 மே மாதம் வந்த ஒழுங்குவிதிகள் முதல்முறையாக மதத்தை விட்டுவிட்டு டெசிபலில் பேசின. பிரதேச சபைப் பகுதிகளில் பகலில் 55, இரவில் 45. மாநகர, நகர சபைப் பகுதிகளில் 63, 50. ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், நீதிமன்றம், பொது நூலகம் ஆகியவற்றைச் சுற்றியுள்ள அமைதி வலயத்தில் 50, 45. இந்த விதிகளில் இரவு எண்டால் பின்னேரம் ஆறு மணி தொடங்கி காலமை ஆறு மணி வரை.

பிறகு வந்தது 2007 நவம்பர் 9ஆம் திகதி உயர் நீதிமன்றக் கட்டளை. வெலிகமைப் பள்ளிவாசல் ஒன்றின் ஒலிபெருக்கி அனுமதி பற்றிய அடிப்படை உரிமை வழக்கு அது. பிரதம நீதியரசர் சரத் என். சில்வா வழங்கிய தீர்ப்பின்படி, இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை ஒலிபெருக்கிக்கு அனுமதி கொடுக்கக்கூடாது. விசேட சமய நிகழ்வு எண்டால் அயலில் இருப்பவர்களின் கருத்தைக் கேட்ட பிறகுதான் கொடுக்கலாம். பகலிலும் சத்தம் அந்த வளவை விட்டு வெளியே போகக்கூடாது.

பலபேர் இதைப் பாங்குக்கு எதிரான தீர்ப்பு எண்டு மட்டும் ஞாபகம் வைச்சிருக்கினம். அப்படியில்லை. கோயில், விகாரை, தேவாலயம், கலியாண மண்டபம், தேர்தல் கூட்டம், எல்லாத்துக்கும் அது பொது. எனக்கு முக்கியமாகப் படுவது “அயலில் இருப்பவர்களின் கருத்து” என்ற இடம். 1883இலும் 1912இலும் அதிகாரிகள் எந்த மதம், எந்தத் தெரு என்று பார்த்தார்கள். இங்கே முதல்தரமாக, பக்கத்து வீட்டில படுக்கிற ஆளைக் கேள் எண்டு நீதிமன்றம் சொல்லுது.

அப்ப முறைப்பாடு செய்யிறது எப்படி? ஒலிபெருக்கி எண்டால் உங்கட பகுதிப் பொலிஸ் நிலையம், அவசரத்துக்கு 119. அனுமதி எடுத்திருக்கினமோ, எத்தனை மணி வரை எண்டு கேளுங்கோ. அனுமதி இருந்தாலும், நிபந்தனையை மீறினால் பொறுப்பதிகாரி உடனே விசாரித்து, அயலவர்களிடம் வாக்குமூலம் எடுத்து, சத்தத்தை நிறுத்த வேணும். மறுத்தால் கருவிகளை அகற்றி நீதவான் நீதிமன்றத்துக்கு அறிக்கை கொடுக்க வேணும். அந்தத் தீர்ப்பே அப்படிச் சொல்லுது. அரிசி ஆலை, வேலைத்தளம், ஜெனரேட்டர் மாதிரி நாளாந்தச் சத்தம் எண்டால் மத்திய சுற்றாடல் அதிகார சபைக்கோ உள்ளூராட்சி சபைக்கோ எழுத்தில கொடுங்கோ. திகதி, நேரம், எவ்வளவு நேரம் நீடிச்சது எண்டு ஒரு கொப்பியில எழுதி வைக்கிறது உதவும். அதுவும் சரிவராட்டி, குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டத்தின் 98ஆம் பிரிவின் கீழ் பொதுத் தொல்லையை நீக்கச் சொல்லி நீதவான் கட்டளையிடலாம்.

சட்டம் இருக்கு. ஆனால் ஊரில கோயிலுக்கு எதிராகப் பெயர் போட்டு முறைப்பாடு கொடுக்க ஆருக்குத் துணிவு வரும்? எனக்கு வரேல்லை. பஞ்சை உருட்டிக் காதுக்குள்ள வைச்சுக்கொண்டுதான் சோதனைக்குப் படிச்சனான்.

பரிபாலன சபையில இருக்கிற மாமா ஒருத்தரிட்ட அண்டைக்கே போய், “பத்து மணிக்கு நிப்பாட்டேலாதோ?” எண்டு கேட்டிருக்கலாம். நூறு வருஷத்துக்கு முந்தி கம்பளையில ரெண்டு பக்கமும் பேசாமல் நீதிமன்றத்துக்குப் போன விஷயம் அது. இந்த வருஷம் திருவிழாவுக்கு ஊருக்குப் போறன். தங்கச்சி ஏ.எல் எடுக்கிறாள். இந்தமுறை கேக்கத்தான் போறன். பின்வீட்டுப் பெட்டிக்குச் சொல்ல முதல், எங்கட பாட்டுக்குச் சொல்லோணும்.