கம்பளிப்புழு முதல் தேனீ வரை: எங்க பக்கம் பூச்சி குறைந்த கதை

கோடையில் பூச்சி குறைந்துபோச்சு என்று இப்போது பேப்பரில் எல்லாம் எழுதுகிறார்கள். எங்க அரியூர்ப் பக்கம் அது எப்படிக் குறைந்தது என்று எனக்குத் தெரிந்தவரை வரிசையாகச் சொல்கிறேன். எங்கிருந்து ஆரம்பிப்பது என்றால், நான் மல்லாட்டையில் இருந்துதான் ஆரம்பிப்பேன். பட்டணத்தில் நீங்கள் வேர்க்கடலை என்பீர்கள். புதுச்சேரி, விழுப்புரம், கடலூர் பக்கம் எங்களுக்கு அது மல்லாட்டை. சிலர் மணிலா என்பார்கள்.

பிரெஞ்சுக்காரர்கள் காலத்தில் புதுச்சேரித் துறைமுகம் பிழைத்ததே பாதி இந்த மல்லாட்டையால்தான். தென்னாற்காட்டுக் கொல்லைகளில் விளைந்தது மாட்டு வண்டியில் வந்து, கப்பலேறி, மார்செய் நகரத்து எண்ணெய் ஆலைகளுக்குப் போனது. ஒரே பயிரை ஊர் ஊராக, மைல் கணக்கில் போட்டால் அதைத் தின்ன ஒரு பூச்சி வராமல் இருக்குமா? வந்தது. அதுதான் சிவப்புக் கம்பளிப்புழு.

அதுக்கு ஒரு கணக்கு உண்டு. வருஷத்தில் பத்து மாதம் கூட்டுப்புழுவாக மண்ணுக்குள்ளேயே கிடக்கும். கோடை வெயில் முடிந்து ஒரு நல்ல மழை இறங்கினால், சில நாளில் ராத்திரியோடு ராத்திரியாக அந்துப்பூச்சிகள் மொத்தமாகக் கிளம்பும். வெள்ளை இறக்கை, முன் விளிம்பில் மஞ்சள் கோடு. முட்டை வைத்துப் புழு பொரித்தால், ஒரு கொல்லையைத் தின்று முடித்துவிட்டு அடுத்த கொல்லைக்குப் பட்டாளம் மாதிரி நடந்து போகும். எங்க தாத்தா காலத்தில் அதைத் தடுக்க வரப்போரம் பள்ளம் வெட்டுவார்கள். பள்ளத்தில் விழுந்ததை மிதித்தும் கொளுத்தியும் கொல்லுவார்கள். பிள்ளைகள் புழு பொறுக்கிப் படியில் அளந்து கொடுத்தால் காசு. அந்துப்பூச்சி கிளம்புகிற ராத்திரிகளில் கொல்லைக்குக் கொல்லை நெருப்பு எரியும். வசதி உள்ளவர்கள் பெட்ரோமாக்ஸ் விளக்கை ஏற்றி, கீழே அகலமான தாம்பாளத்தில் தண்ணீரும் கொஞ்சம் மண்ணெண்ணெயும் ஊற்றி வைப்பார்கள். காலையில் பார்த்தால் தாம்பாளம் நிறைந்து கிடக்கும் என்று ஆயா சொல்லும்.

பிளெட்சர் என்கிற வெள்ளைக்காரர், மதராஸ் அரசாங்கத்தின் பூச்சியியல் அதிகாரியாக இருந்தவர், தென்னிந்தியப் பூச்சிகளைப் பற்றி எழுதிய பெரிய புத்தகம் 1914இல் வந்தது. மகன் கம்ப்யூட்டரில் இறக்கிக் கொடுத்தான். எனக்கு இங்கிலீஷ் தட்டுத் தடுமாறித்தான் வரும். படத்தைப் பார்த்தே பாதி புரிந்துகொண்டேன். அந்தக் காலத்தில் பூச்சிக்கு எதிராகக் கையில் இருந்தது எல்லாம் கை, கலப்பை, விளக்கு, வலை, சாம்பல் இந்த மாதிரிதான். கோடை உழவு ஓட்டினால் கூட்டுப்புழு மேலே வந்து விழும். மைனாவும் காக்காயும் கொக்கும் ஏர் பின்னாலேயே வரும். இந்த முறைகளில் ஒரு விஷயம் கவனிக்கணும். கம்பளிப்புழுவைப் பிடிக்கப் போனால் கம்பளிப்புழு மட்டும்தான் சாகும். விளக்கில் வேறு சில பூச்சியும் விழும்தான், ஆனால் அது ஒரு வாரக் கூத்து. பக்கத்துக் கரையில் இருக்கிற தேனீக்கும் தட்டானுக்கும் ஒன்றும் ஆகாது.

மருந்து முதலில் வந்தது வயலுக்கு இல்லை, வீட்டுக்கு. டி.டி.டி. என்கிற பொருளை 1874இலேயே செய்துவிட்டார்கள், ஆனால் அது பூச்சியைக் கொல்லும் என்று 1939இல்தான் சுவிட்சர்லாந்துக்காரர் பால் முல்லர் கண்டுபிடித்தார். 1948இல் அவருக்கு நோபல் பரிசு. மலேரியாவை ஒழிக்க இந்தியா 1953இல் தேசியத் திட்டம் போட்டது. இங்கே கீழூர் எங்களுக்குப் பக்கம்தான். 1954 அக்டோபர் 18இல் 178 பேர் ஓட்டுப் போட்டு, அதில் 170 பேர் இந்தியாவோடு சேருவோம் என்று சொன்ன இடம். அதன் பிறகு நாங்களும் இந்தியக் கணக்கில் வந்தோம், திட்டங்களும் வந்தன. அப்பா சொல்வார்: பம்பு தூக்கிக்கொண்டு ஆட்கள் வருவார்களாம், சட்டி பானையை எல்லாம் வெளியே வைக்கச் சொல்வார்களாம், சுவரில் அடித்துவிட்டுத் தேதி எழுதிவிட்டுப் போவார்களாம். மூட்டைப்பூச்சி செத்தது என்று ஜனங்களுக்கு ஒரே சந்தோஷம். அந்த சந்தோஷத்தில் தப்பு சொல்ல எனக்கு மனசு வராது. காய்ச்சலில் பிள்ளையைப் பறிகொடுத்த வீடுகள் அப்போது நிறைய.

வீட்டில் அடித்த மருந்து வேலை செய்வதைப் பார்த்த கண்ணுக்கு வயலில் அடிப்பது பெரிய விஷயமாகத் தெரியவில்லை. பி.எச்.சி. பவுடரைத் துணியில் மூட்டை கட்டி, குச்சியில் மாட்டித் தட்டிக்கொண்டே வரப்பில் நடப்பார்கள். நான் சின்னப் பிள்ளையாகப் பின்னாலேயே போயிருக்கிறேன். மூக்குக்குத் துணிகூடக் கிடையாது. பிறகு எண்ட்ரின், பாலிடால். இந்தப் பெயர்கள் எங்க பக்கம் பூச்சிக்கு அடித்ததைவிட, மனுஷன் குடித்ததால்தான் அதிகமாகப் பேசப்பட்டன. "எண்ட்ரின் குடிச்சிட்டானாம்" என்றால் போச்சு, ஆள் இல்லை என்று அர்த்தம். விஷத்துக்கு நாங்கள் மருந்து என்று பெயர் வைத்தோம். இன்றைக்கும் கடையில் "மருந்து குடுங்க" என்றுதான் கேட்கிறோம். பாலிடாலில் இருப்பது பாரத்தியான். 1958இல் கேரளத்தில், கப்பலில் அதன் பக்கத்தில் வைத்துக் கொண்டுவந்த கோதுமை மாவில் அது கலந்து, சாப்பிட்டவர்கள் நூறு பேருக்கு மேல் செத்தார்கள். அந்தச் சாவுக்குப் பிறகுதான் பூச்சிமருந்துக்கு என்று இந்தியாவில் ஒரு சட்டமே வந்தது. அதுவும் பத்து வருஷம் கழித்து, 1968இல்.

அந்தப் பத்து வருஷத்துக்குள் நெல்லும் மாறிவிட்டது. 1966இல் பிலிப்பைன்ஸ் நாட்டு ஆராய்ச்சி நிலையம் ஐ.ஆர்.எட்டு நெல்லை வெளியிட்டது. குட்டை நெல், யூரியா போட்டால் சாயாது, மூட்டை மூட்டையாகக் காணும். அதற்கு முன்னால் எங்க அப்பா போட்ட கிச்சிலிச் சம்பா ஆள் உயரம் வளரும், உரம் கொஞ்சம் கூடினால் படுத்துவிடும். ரேஷன் அரிசிக்கு வரிசையில் நின்ற காலம் அது. ஐ.ஆர்.எட்டை வேண்டாம் என்று சொல்ல எவனுக்கும் தைரியம் இருந்திருக்காது. இருந்திருக்கவும் கூடாது. ஆனால் கரும்பச்சையாக, அடர்த்தியாக, யூரியா தின்று வளர்ந்த பயிர் பூச்சிக்கும் பந்திச் சாப்பாடு.

இங்கேதான் புகையான் கதை வருகிறது. பட்டணத்தில் இருக்கிறவர்களுக்கு இது அதிகம் தெரியாது, அதனால் கொஞ்சம் நிறுத்திச் சொல்கிறேன். புகையான் என்பது நெல் தூரில், தண்ணீர் மட்டத்துக்குக் கொஞ்சம் மேலே உட்கார்ந்து சாறு உறிஞ்சுகிற சின்னப் பழுப்புப் பூச்சி. பழைய நெல்லில் அது இருந்ததே பெரிசாகத் தெரியாது. 1973, 74இல் கேரளத்தில் அது வயல் வயலாகக் கருக்கியது. பிறகு எங்களுக்கும் வந்தது. நடு வயலில் வட்டம் வட்டமாக, நெருப்பு வைத்த மாதிரிப் பயிர் காய்ந்து நிற்கும். உடனே என்ன செய்வார்கள்? மருந்து அடிப்பார்கள். அடித்தால் இன்னும் அதிகமாக வரும். மறுபடி அடிப்பார்கள்.

காரணம் ஆராய்ச்சி செய்தவர்கள் கண்டுபிடித்தது: புகையானின் முட்டை இலை உறைக்குள் பத்திரமாக இருக்கிறது. மருந்து அதைத் தொடாது. ஆனால் புகையானைப் பிடித்துத் தின்கிற சிலந்தி, அந்த முட்டையைத் தேடித் தின்கிற மிரிட் நாவாய்ப்பூச்சி, இதெல்லாம் வெளியில் சுற்றுகிறவை. மருந்து பட்டதும் முதலில் சாவது அவைதான். காவல்காரனைக் கொன்றுவிட்டுத் திருடனுக்குக் கதவைத் திறந்துவிட்ட கதை. இந்தோனேசியாவில் இதைப் புரிந்துகொண்டு 1986இல் நெல்லுக்கு அடிக்கிற 57 வகை மருந்தை ஒரே உத்தரவில் தடை செய்தார்கள், மருந்துக்குக் கொடுத்த மானியத்தையும் படிப்படியாக நிறுத்தினார்கள். நெல் விளைச்சல் குறையவில்லை. அப்போது எனக்குப் பதினெட்டு வயசு. அந்தச் செய்தி எங்க வரப்புக்கு வந்து சேரவில்லை. வந்து சேர்ந்தது பேட்டரி தெளிப்பான்தான்.

தடைகளும் ஒவ்வொன்றாக வந்தன. டி.டி.டி.யை விவசாயத்துக்கு 1989இல் நிறுத்தினார்கள். எண்ட்ரின் 1990இல், பி.எச்.சி. 1997இல். எண்டோசல்பானுக்கு 2011இல் உச்ச நீதிமன்றம் தடை போட்டது, காசர்கோட்டுப் பிள்ளைகளின் படத்தை நீங்களும் பார்த்திருப்பீர்கள். திம்மட் என்று நாங்கள் சொல்கிற போரேட் 2020 கடைசியில்தான் போனது. ஒன்று போகும்போது கடையில் அடுத்தது தயாராக இருக்கும். அடுத்தது வந்ததில் என் கணக்குப்படி மோசமானது இமிடாக்ளோபிரிட் வகை. பழைய மருந்தில் பலதும் மேலே பட்டால்தான் கொல்லும், மழை பெய்தால் கழுவிப் போகும். இது செடிக்குள் சாறோடு ஏறிவிடும். இலையில், தண்டில், மகரந்தத்தில், தேனில்கூட. பூவுக்கு வருகிற தேனீ என்ன குற்றம் செய்தது? ஐரோப்பாவில் இந்த வகையில் மூன்றை வெளியில் வயலில் போடக்கூடாது என்று 2018இல் தடுத்துவிட்டார்கள். இங்கே விதையிலேயே பூசி வருகிறது.

மருந்து மட்டும்தான் காரணம் என்று நான் சொல்ல மாட்டேன். அப்படிச் சொன்னால் கதை சுலபமாகிவிடும். மாடு போய் டிராக்டர் வந்ததும் குப்பைமேடு போச்சு. குப்பையில் வளர்ந்த கொம்புவண்டும், சாணி உருட்டுகிற வண்டும் அதோடு போச்சு. மிச்சம் இருக்கிற மாட்டுக்கும் குடற்புழு மருந்து போடுகிறோம், அதில் சிலது சாணியில் தங்கிச் சாணிவண்டின் குஞ்சைக் கொல்லும். நொச்சியும் ஆடாதொடையும் இருந்த வேலியைப் பிடுங்கிவிட்டுக் கல்லு நட்டுக் கம்பி கட்டினார்கள். வரப்பில் தும்பை, எருக்கு எல்லாம் களைக்கொல்லியில் போச்சு. எருக்கில் வளர்கிற பட்டாம்பூச்சி வேறு எங்கே முட்டை வைக்கும்? மின்மினியின் புழு ஈரக் கரையில் நத்தையைத் தின்று வளர்வது. வாய்க்காலுக்குச் சிமெண்டு பூசினால் அதுக்கு இடம் இல்லை. தப்பிப் பறந்தாலும் ஜோடியைத் தன் வெளிச்சத்தில்தான் தேடணும், மேலே ராத்திரி முழுக்க எல்.இ.டி. எரிகிறது. வில்லியனூரில் இருந்து எங்க ஊர் வரைக்கும் மெயின் ரோட்டோரம் மனைப்பிரிவுக் கல்தான்.

கொசு மட்டும் குறையவில்லையே என்று நீங்கள் கேட்பீர்கள். கொசுவுக்குச் சாக்கடை போதும், மருந்துக்கும் பழகிவிட்டது, அதைத் தின்கிற தட்டானும் இல்லை. இதில் ஒரு வேடிக்கை. யானைக்கால் நோய்க்குப் பேர் போனது எங்க புதுச்சேரி. 1975இல் இங்கே ஆரம்பித்த நோய்க்கடத்திகள் கட்டுப்பாட்டு ஆராய்ச்சி மையம், 1981 முதல் 85 வரை ஊரில் கொசுவைக் குறைத்துக் காட்டியது. அவர்கள் முக்கியமாக நம்பியது சாக்கடையைச் சரிசெய்வது, தேங்கின தண்ணீரை அகற்றுவது, மீன் விடுவது. அதாவது கொசு வளர்கிற இடத்தைக் கவனிப்பது. அதே வருஷங்களில் பத்துக் கல் தொலைவில் நாங்கள் வயலில் வாரத்துக்கு ஒரு முறை அடித்துக்கொண்டிருந்தோம்.

எவ்வளவு குறைந்தது என்று எண்ணிப் பார்த்தவர்கள் ஜெர்மனியில் இருக்கிறார்கள். கிரேபெல்ட் என்கிற ஊரில் பூச்சி ஆர்வலர் சங்கம் ஒன்று. பெரும்பாலும் நம்மை மாதிரி வேறு வேலை பார்க்கிறவர்கள். பாதுகாக்கப்பட்ட 63 இடங்களில் கூடாரம் மாதிரி வலை கட்டி, விழுந்த பூச்சியை நிறுத்துப் பார்த்துக்கொண்டே வந்தார்கள். 27 வருஷத்தில் எடை நாலில் மூணு பங்குக்கு மேல் குறைந்திருந்தது. நடுக்கோடையில் மட்டும் பார்த்தால் 82 சதவீதம். 2017இல் அது வெளியாகி உலகம் முழுக்கப் பேசினார்கள். என்னிடம் தராசு எல்லாம் இல்லை. எனக்குத் தெரிந்த தராசு பூசணிக்காய்தான்.

மல்லாட்டை எடுத்த கால் காணியில் ரெண்டு வருஷமாகப் பூசணி போடுகிறேன். பூசணிப் பூ விடியற்காலையில் விரியும், வெயில் ஏறினால் மூடிக்கொள்ளும். அந்த ரெண்டு மூணு மணி நேரத்துக்குள் தேனீ ஆண் பூவில் இருந்து பெண் பூவுக்குப் போகணும். போகாவிட்டால் பிஞ்சு மஞ்சளாகிக் கொட்டிவிடும். போன வருஷம் பாதிக்கு மேல் கொட்டியது. இந்தக் கோடையில் என் வீட்டுக்காரம்மா ஆறு மணிக்கே போய் ஆண் பூவைப் பறித்து, இதழைக் கிழித்துவிட்டு, ஒவ்வொரு பெண் பூவிலும் தடவிவிட்டு வருகிறது. கூலி ஆள் வைத்துச் செய்தால் காய் விற்கிற காசு அதுக்கே போய்விடும். தேனீ இத்தனை நாள் இதைச் சும்மா செய்துகொண்டிருந்தது.

ஆனால் தெற்குக் கரையோரம் மூணு வரிசையில் கை வைக்கத் தேவையே இல்லை, தானாகக் காய் பிடிக்கிறது. அந்தக் கரையில் எருக்கும் தும்பையும் இன்னும் நிற்கிறது, ஒரு பனங்கருக்கு இடுக்கில் கொசுத்தேனீ இருக்கிறது. கரை எனக்கும் பக்கத்துக் கொல்லைக்காரனுக்கும் பொது. அவன் கத்திரி போட்டிருக்கிறான், வாரத்துக்கு ரெண்டு முறை அடிக்கிறான், நகை அடகில் இருக்கிறது. அவனை நான் குறை சொல்ல முடியாது. சொர்ணவாரிக்கு முன்னால் கரை முழுக்கக் களைக்கொல்லி அடிக்கணும், எலி பதுங்குது என்றான்.

"உன் கொல்லை முடியுற வரைக்கும் அடிச்சிக்கோப்பா, என் பக்கம் விட்டுடு" என்றேன்.

"எலி உன் பக்கம்னு பார்த்தா பதுங்கும் மாமா?" என்றான். அதுவும் நியாயம்தான்.

கடைசியில் இப்படி முடிவானது: கரையை நான் கையால் அரிந்து கட்டையாக வைத்துக்கொள்கிறேன், எருக்கை மட்டும் விட்டுவிடுகிறேன், எலிக்குக் கிட்டி வைக்கிற செலவும் என்னுது. அவன் கத்திரிக்கு அடிக்கிறதைக் காலையில் அடிக்காமல், பூசணிப் பூ மூடினதுக்கு அப்புறம் சாயங்காலம் அடிப்பான். ஆடி வரைக்கும் இந்தப் பேச்சு. ஆடியில் கத்திரி எடுத்ததும் மறுபடி உட்கார்ந்து பேசுவதாக இருக்கிறோம்.