சைபீரியாவுக்குப் போன மாயவரத்துக்காரர்

விழுப்புரம், திண்டிவனம் பக்கம் ரேட்டிங் செஸ் போட்டி நடக்கிற பள்ளிக்கூடத்துக்கோ கல்யாண மண்டபத்துக்கோ ஒரு ஞாயிற்றுக்கிழமை போய் வெளியே நின்று பாருங்கள். பிள்ளைகள் உள்ளே ஆடிக்கொண்டிருப்பார்கள். மரத்தடியிலும் செருப்புக் குவியலுக்குப் பக்கத்திலும் பெற்றோர் காத்திருப்பார்கள். அவர்கள் பேச்சில் பாதி இப்படித்தான் இருக்கும்: “மூணு மாசமா என்ன ஆச்சுன்னே தெரியல. ஜெயிக்கிற கேமை எல்லாம் விட்டுட்டு வர்றான்.” “எங்க பொண்ணுக்கு ரேட்டிங் நூறு இறங்கிடுச்சு. கோச்சை மாத்தலாமான்னு பாக்குறோம்.” தோற்றுவிட்டு வெளியே வரும் பையனின் முகத்தைப் பார்த்ததும் அம்மா ஒன்றும் கேட்பதில்லை, டிபன் பாக்ஸைத் திறந்து கையில் கொடுக்கிறார். அப்பாதான் ஸ்கோர் ஷீட்டை வாங்கிப் பார்த்துக்கொண்டே, “எந்த மூவ்ல விட்ட?” என்கிறார்.

அந்த நூறு புள்ளி எப்படி இறங்குகிறது என்று முதலில் பார்த்துவிடலாம். 18 வயதுக்கு உட்பட்ட, 2300-ஐத் தொடாத ஆட்டக்காரர்களுக்கு உலக செஸ் கூட்டமைப்பு 40 என்ற பெருக்கு எண்ணை வைத்திருக்கிறது. சம ரேட்டிங் உள்ள ஒருவரிடம் தோற்றால் 20 புள்ளி போய்விடும். இப்படி ஐந்து தோல்வி வந்தால் நூறு காலி. ஒரே வாரக் கடைசியில் இது நடந்துவிடலாம். 2400-ஐத் தாண்டியவர்களுக்கோ அந்த எண் வெறும் 10. அதனால் அவர்களுக்கு எண் மெதுவாகத்தான் இறங்கும், மெதுவாகத்தான் ஏறும்.

இந்த வாரம் நாம் பார்க்கப்போகும் சரிவில் எண் ஏறக்குறைய அசையவே இல்லை. ஆனால் ஆள் அடியோடு சாய்ந்துபோயிருந்தார்.

விழுப்புரம் சந்திப்பில் ரயில் பாதை பல திசைகளில் பிரிகிறது. அதில் கடலூர் வழியாகத் தெற்கே இறங்கும் பழைய மெயின் லைனில்தான் மயிலாடுதுறை இருக்கிறது. 1969 டிசம்பர் 11 அன்று அங்கே பிறந்தவர் விஸ்வநாதன் ஆனந்த். அப்பா ரயில்வே அதிகாரி. அம்மா சுசீலாதான் காய் நகர்த்தக் கற்றுக்கொடுத்தவர். பிறகு சென்னையில், சோவியத் பண்பாட்டு மையத்தில் மானுவல் ஆரோன் 1972-ல் தொடங்கிய தால் செஸ் கிளப். அங்கே பிளிட்ஸ் ஆடுவதற்கு ஒரு வழக்கம் இருந்தது. ஜெயித்தவர் பலகையிலேயே உட்கார்ந்திருப்பார், தோற்றவர் எழுந்து வரிசையின் கடைசிக்குப் போய் நிற்க வேண்டும். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

1988-ல் இந்தியாவின் முதல் கிராண்ட்மாஸ்டர், 2000-ல் டெஹ்ரானில் முதல் உலகப் பட்டம், 2007-ல் மெக்ஸிகோ, 2008-ல் பான் நகரில் க்ராம்னிக், 2010-ல் சோஃபியாவில் டோபலோவ், 2012-ல் மாஸ்கோவில் கெல்ஃபாண்ட் என்று ஏறிய கதையை எல்லோரும் எழுதியாகிவிட்டது. சரிவு எங்கே தொடங்கியது என்பதை அவ்வளவாக யாரும் எழுதவில்லை.

2011-ல் ஆனந்தின் ரேட்டிங் 2817. அவர் வாழ்நாளின் உச்சம் அது. அப்போதே அவர் ஒரு கிளாசிக்கல் போட்டியில் முதலிடம் பெற்று மூன்றாண்டு ஆகியிருந்தது. 2008 லினாரெஸுக்குப் பிறகு 2013 பிப்ரவரியில் பாடன்-பாடன் போட்டியை வெல்லும்வரை முதலிடமே கிடையாது. தோற்றுக்கொண்டே இருந்தார் என்றும் சொல்ல முடியாது. 2012-ல் சாவோ பாலோவிலும் பில்பாவோவிலுமாக நடந்த போட்டியில் பத்து ஆட்டத்தில் ஒன்பது டிரா, ஒரு தோல்வி. தோற்கக் கூடாது என்று ஆடுபவரின் கணக்கு அப்படித்தான் இருக்கும். பட்டம் கையில் இருக்கிறது, அதைச் சிந்தாமல் வைத்துக்கொள்ள வேண்டும் என்ற கவலை ஒவ்வொரு காயின் மேலும் உட்கார்ந்திருந்தது.

திறமை தேய்ந்துவிட்டதா என்றால் இல்லை. 2013 ஜனவரியில் வைக் ஆன் ஸீயில் ஆரோனியனை 23 நகர்த்தலில் கருப்புக் காய்களோடு வீழ்த்திய ஆட்டம் அவர் ஆடியவற்றிலேயே மிக அழகானவற்றுள் ஒன்று. காய்களை ஒன்றன்பின் ஒன்றாகப் பலியிட்டு எதிராளியின் ராஜாவைச் சுற்றி வளைத்த அந்த ஆட்டத்தை இன்றும் பயிற்சியாளர்கள் பலகையில் வைத்துக் காட்டுகிறார்கள். அதே ஆண்டு ஜூனில் மாஸ்கோ தால் நினைவுப் போட்டியில் பத்துப் பேரில் ஒன்பதாம் இடம். கார்ல்சனிடம் 29 நகர்த்தலில் தோல்வி. ஆறு மாதத்துக்குள் ஒரே ஆள் இரண்டு விதமாக ஆடியிருக்கிறார். சரிவு என்பதைத் திறமை வற்றிப்போவதாகப் பார்ப்பவர்கள் இந்த இரண்டு ஆட்டத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்.

பிறகு நவம்பர். சொந்த ஊரான சென்னையில், ஹையாத் ரீஜென்சி ஹோட்டலில் உலகப் பட்டப் போட்டி. எதிரே 22 வயது கார்ல்சன். முதல் நான்கு ஆட்டமும் டிரா. 15-ஆம் தேதி ஐந்தாவது ஆட்டமும், மறுநாளே ஆறாவது ஆட்டமும் கைநழுவின. இரண்டும் யானை மட்டும் மிஞ்சிய நீண்ட முடிவாட்டங்கள். பெரிதாக ஒன்றும் இல்லாத நிலையிலிருந்து கார்ல்சன் மணிக்கணக்கில் அழுத்தி அழுத்திப் பிழிந்து எடுத்த வெற்றிகள். அன்று செய்தியாளர் சந்திப்பில் ஆனந்துக்குக் கோபம் வந்தது. பொறுமைக்குப் பேர்போன மனிதர், ஒரு சாதாரணக் கேள்விக்குச் சுள்ளென்று பதில் சொன்னார். அவரைப் பல வருடமாகப் பார்த்து வந்தவர்களுக்கு ஸ்கோரைவிட அதுதான் உறைத்தது.

ஒன்பதாவது ஆட்டம் நவம்பர் 21. வேறு வழியில்லாமல் முழுத் தாக்குதலில் இறங்கினார். அரங்கம் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தது. கார்ல்சனின் சிப்பாய் கடைசிக் கட்டத்துக்கு வந்து ராணியாகி செக் வைத்தது. அந்த செக்கை பிஷப்பால் மறைத்திருந்தால் ஆட்டம் இன்னும் நீண்டிருக்கும், டிராவும் ஆகியிருக்கலாம். ஆனந்த் குதிரையை எடுத்து வைத்தார். கார்ல்சன் ஒரே ஒரு நகர்த்தல் நகர்த்தினார், ராணி முதல் வரிசையில் இரண்டு கட்டம் தாண்டி உட்கார்ந்தது. அவ்வளவுதான், ஆனந்த் கைகொடுத்துவிட்டார். மறுநாள் டிராவோடு 6.5-3.5 என்று பட்டம் போனது.

இப்போது அந்த எண்ணுக்கு வருவோம். போட்டி தொடங்கும்போது கார்ல்சன் 2870, ஆனந்த் 2775. இந்த 95 புள்ளி வித்தியாசத்துக்கு, பத்து ஆட்டத்தில் ஆனந்த் எடுக்க வேண்டியது 3.7 என்கிறது ரேட்டிங் அட்டவணை. எடுத்தது 3.5. ஆகவே குறைந்தது இரண்டே புள்ளி! உலகமே ‘ஆனந்தின் காலம் முடிந்தது’ என்று எழுதியபோது, கணக்குப் புத்தகத்தில் பற்று வெறும் இரண்டு. திண்டிவனத்துப் பையனுக்கு ஒரு சனி ஞாயிறில் போவதில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. பிள்ளையின் சரிவை அந்த எண்ணை வைத்து அளக்கும் பெற்றோரிடம் நான் கெஞ்சிக் கேட்டுக்கொள்வது இதுதான்: எண் விழுவது வேறு, பிள்ளை விழுவது வேறு. முதலாவது தானாக ஏறிக்கொள்ளும். இரண்டாவதைத்தான் கவனிக்க வேண்டும்.

ஆனந்த் விழுந்துதான் இருந்தார். டிசம்பரில் லண்டன் ரேபிட் போட்டியில் காலிறுதியோடு வெளியேறினார், தோற்றது க்ராம்னிக்கிடம். 2014 பிப்ரவரியில் முடிந்த ஜூரிச் போட்டியில் ஆறு பேரில் ஐந்தாம் இடம். அடுத்த மாதம், கார்ல்சனோடு பட்டத்துக்கு மோதப்போகிறவரைத் தேர்ந்தெடுக்கும் கேண்டிடேட்ஸ் போட்டி. பட்டத்தை இழந்தவர் என்ற முறையில் அவருக்கு அதில் இடம் உண்டு. ஆனால் போவதா வேண்டாமா என்று அவருக்கே தெரியவில்லை.

முந்தைய காலத்துச் சாம்பியன்களுக்கு இந்தக் குழப்பம் இருந்ததில்லை. 1935-ல் யூவேயிடம் பட்டத்தை விட்ட அலெகைன் 1937-ல் நேருக்கு நேர் மறுபோட்டி ஆடி வாங்கிக்கொண்டார். போட்வின்னிக் 1957-ல் ஸ்மிஸ்லோவிடம் தோற்று 1958-லும், 1960-ல் தாலிடம் தோற்று 1961-லும் மீண்டும் பட்டம் ஏறினார். மறுபோட்டி என்பது அன்று சாம்பியனின் உரிமை. ஆனந்துக்கு அப்படி இல்லை. கார்ல்சனை மறுபடி சந்திக்க வேண்டுமானால், எட்டுப் பேர் கொண்ட வரிசையில் போய் நின்று, ஏழு பேரையும் தாண்டி வர வேண்டும். ஐந்து முறை உலகச் சாம்பியன், வயது 44. அங்கே போய்க் கடைசி இடம் வந்தால் என்ன மிச்சம்?

போகச் சொன்னவர்களில் ஒருவர், முந்தைய எதிராளி க்ராம்னிக். லண்டனில் ஆனந்தோடும் மனைவி அருணாவோடும் இரவு உணவுக்கு உட்கார்ந்தபோது, கட்டாயம் ஆட வேண்டும் என்று அவர் வற்புறுத்தியதை ஆனந்தே பின்னாளில் சொல்லியிருக்கிறார். க்ராம்னிக்கும் அதே கேண்டிடேட்ஸில் ஆடவிருந்தவர். தன் வழியில் நிற்கப்போகும் ஒருவரை வா என்று கூப்பிட்ட அந்தப் பெருந்தன்மையை செஸ் வரலாறு சரியாகக் கொண்டாடவில்லை என்பது என் ஆதங்கம்.

2014 மார்ச் 13. மேற்கு சைபீரியாவின் கான்டி-மான்சிஸ்க். முதல் சுற்றிலேயே எதிரே ஆரோனியன். உலகின் இரண்டாம் நிலை வீரர், அந்தப் போட்டியை வெல்வார் என்று பெரும்பாலோர் எதிர்பார்த்தவர். ஆனந்த் வெள்ளைக் காய். அதிரடி ஏதும் இல்லாத ரூய் லோபஸ். சின்னச் சாதகத்தைப் பிடித்துக்கொண்டு விடாமல் நகர்த்தி 47-ஆவது நகர்த்தலில் முடித்தார். சென்னையில் கார்ல்சன் இவருக்குச் செய்ததை இவர் இங்கே ஆரோனியனுக்குச் செய்தார் என்றே எனக்குத் தோன்றுகிறது. மூன்றாம் சுற்றில் கருப்புக் காய்களோடு மாமெத்யரோவை வென்றார். ஒன்பதாம் சுற்றில் டோபலோவ். அதன்பின் முன்னிலையை யாரும் தொடவில்லை.

இதில் பலர் மறந்துவிடும் ஓர் ஆட்டம் உண்டு. பன்னிரண்டாம் சுற்றில் ஆந்த்ரேய்கினுக்கு எதிராக ஆனந்த் ஜெயிக்கும் நிலையில் இருந்தார். ஆனால் பலகையில் ஆபத்து இருப்பதாக நினைத்து டிராவுக்கு ஒத்துக்கொண்டார். கம்ப்யூட்டர் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் தலையில் அடித்துக்கொண்டார்கள். மீண்டு வந்தவர் என்று நாம் சொல்லும் மனிதருக்குள் பழைய பயம் முழுசாகக் கரைந்துவிடவில்லை. அது உள்ளே இருக்கும்போதேதான் அவர் ஜெயித்துக்கொண்டிருந்தார். அடுத்த சுற்றில் கர்யாகினின் பிடியில் 91 நகர்த்தல் வரை தாக்குப்பிடித்து டிரா செய்தபோது, ஒரு சுற்று பாக்கி இருக்கும்போதே முதலிடம் உறுதியானது. 14 ஆட்டத்தில் 8.5. ஒரு தோல்விகூட இல்லை. இரண்டாவதாக வந்த கர்யாகின் ஒரு புள்ளி பின்னால்.

சென்னைக்கும் கான்டி-மான்சிஸ்க்குக்கும் இடையில் நான்கு மாதம்கூட இல்லை. அதற்குள் ஆனந்த் புதிதாகச் செஸ் கற்றுக்கொண்டுவிடவில்லை. மாறியது ஒன்றுதான் என்பது என் கணிப்பு. சென்னையில் அவரிடம் காப்பாற்ற ஒரு பட்டம் இருந்தது, சைபீரியாவில் அது இல்லை. தால் கிளப்பில் வரிசையின் கடைசிக்கு நடந்துபோன பையனுக்குப் பலகை மட்டும்தான் குறி. அந்த நிலைக்கு 44 வயதில் திரும்பிப் போக அவருக்கு மனம் வந்தது.

அந்த ஆண்டு செப்டம்பரில் பில்பாவோ போட்டியை வென்றார். நவம்பரில் சோச்சியில் மறுபடி கார்ல்சன். மூன்றாவது ஆட்டத்தில் ஆனந்த் வென்றார். ஆறாவதில் கார்ல்சன் ராஜாவைத் தவறான கட்டத்தில் வைத்தார். சிப்பாயைக் குதிரையால் வெட்டியிருந்தால் ஆட்டமே புரண்டிருக்கும். ஆனந்த் அதைக் கவனிக்காமல் ஒரு நிமிடத்துக்குள் வேறொரு சிப்பாயை நகர்த்தினார். எதிராளி பெரிய தப்பு செய்வார் என்று எதிர்பார்க்காத மனம்! அந்த ஆட்டம் போனது. பதினோராம் ஆட்டத்தோடு 6.5-4.5 என்று போட்டியும் போனது. ஆனாலும் சென்னைக்குப் பிறகு வந்த இருட்டு இந்த முறை வரவில்லை. டிசம்பரிலேயே லண்டன் கிளாசிக்கை வென்றார். 2015 ஜூலையில் அவர் ரேட்டிங் 2816, உலகின் இரண்டாம் இடம். 2011-ன் உச்சத்துக்கு ஒரே ஒரு புள்ளி குறைவு, அதுவும் 45 வயதில்.

பிறகும் சரிந்தார். 2016 தொடக்கத்தில் ஜிப்ரால்டரில் ரேட்டிங்கில் வெகு கீழே இருந்த இரண்டு இளைஞர்களிடம் தோற்றார். 2017 டிசம்பரில் லண்டனில் பட்டியலின் அடிப்பகுதியில் முடித்தார். அதே மாதக் கடைசியில் ரியாத்தில் உலக ரேபிட் போட்டி. 15 சுற்றில் ஒன்றுகூடத் தோற்காமல், நடுவில் கார்ல்சனையும் வென்று, டைபிரேக்கில் ஃபெதோசீவை வீழ்த்தி 48 வயதில் உலகச் சாம்பியன் ஆனார்.

ஆனந்துக்கு நான்கு மாதம் கிடைத்தது. ஒரே போட்டிக்குள், ஆட்டம் நடந்துகொண்டிருக்கும்போதே சரிந்து எழ வேண்டி வந்தால்? 2024 ஏப்ரலில் டொரண்டோ மகளிர் கேண்டிடேட்ஸில் நம் வைஷாலி தொடர்ந்து நான்கு ஆட்டம் தோற்றார். கடைசி ஐந்து ஆட்டத்தையும் தொடர்ந்து வென்று, இரண்டாம் இடத்தைப் பகிர்ந்துகொண்டார். அந்த நான்காவது தோல்விக்கும் முதல் வெற்றிக்கும் நடுவே நடந்ததை அடுத்த வாரம் பார்க்கலாம்.

(தொடரும்)