சஹனவும் அதன் உடன்பிறப்பும்: திறந்த மூல மென்பொருளில் கம்பனிகளின் பங்கு

2004 டிசம்பர் 26ஆம் திகதி கடல் வந்து போன பிறகு, காத்தான்குடியில் நிவாரண முகாமொன்றில் நானும் இன்னும் சில வாலிபர்களும் பெயர் பதிந்துகொண்டிருந்தோம். பூநொச்சிமுனை, நாவலடிப் பக்கமிருந்து வந்தவர்களின் பெயர், வயது, காணாமல் போன உறவினர் விபரம் எல்லாம் கொப்பியில்தான். ஒரே ஆளின் பெயர் மூன்று கொப்பிகளில் மூன்று விதமாக இருந்தது. பிள்ளை அடுத்த முகாமில் பத்திரமாக இருக்க, உம்மா இந்த முகாமில் இருந்து அழுததையும் கண்டேன். கொப்பிகள் ஒன்றோடொன்று பேசவில்லை.

அதே நாட்களில் கொழும்பில் சிலர் இதே சிக்கலுக்குக் கணனியில் விடை தேடிக்கொண்டிருந்தார்கள் என்பது பல வருடம் கழித்தே எனக்குத் தெரிய வந்தது. அந்த மென்பொருளின் பெயர் ‘சஹன’. சிங்களத்தில் நிவாரணம் என்று பொருள். காணாமல் போனோர் பட்டியல், முகாம்களின் விபரம், எந்த அமைப்பு எங்கே வேலை செய்கிறது, எங்கே என்ன பொருள் தேவை என்பவற்றையெல்லாம் அது ஓரிடத்தில் சேர்த்தது. 2003இல் உருவான லங்கா சொப்ட்வெயார் பவுண்டேஷன் அதை முன்னின்று நடத்தியது. உட்கார்ந்து நிரல் எழுதியவர்களில் பலர் வேர்ச்சுசா போன்ற கம்பனிகளின் சம்பளக்காரர்கள். மூலநிரலை எவரும் எடுத்துப் பாவிக்கலாம், மாற்றலாம், பகிரலாம் என்று உரிமமும் கொடுத்தார்கள்.

இதைக் கடைத்தெருவில் துணிக்கடை வைத்திருக்கும் ஒரு காக்காவிடம் சொன்னேன். அவர் சிரித்தார். “தம்பி, அனர்த்த நேரத்துல குடுத்தானுகள், சரி. மத்த நேரத்துலயும் கம்பனிக்காரன் சும்மா குடுக்கிறதுக்கு அவனுகளுக்கு என்ன விசரா?”

வியாபாரம் செய்து வாழும் ஊரில் எழ வேண்டிய கேள்விதான் அது. விடைக்குக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

1983இல் ரிச்சர்ட் ஸ்டோல்மன் ‘க்னூ’ திட்டத்தை அறிவித்தபோது, அது கம்பனிகள் நிரலைப் பூட்டி வைப்பதற்கு எதிரான குரலாக இருந்தது. 1991இல் லினஸ் டோர்வல்ட்ஸ் என்ற பின்லாந்து மாணவர் லினக்ஸை வெளியிட்டார். ‘திறந்த மூலம்’ என்ற பெயர் 1998இல்தான் வந்தது, அதுவும் வர்த்தக உலகத்துக்கு விளங்கும் பெயர் வேண்டுமென்று. 2001ஆம் ஆண்டில் லினக்ஸுக்காக 100 கோடி டொலர் செலவிடப்போவதாக ஐ.பி.எம். சொன்னது. அதே கம்பனி 2019இல் லினக்ஸை வைத்தே வளர்ந்த ரெட் ஹட் நிறுவனத்தை 3,400 கோடி டொலருக்கு வாங்கியது.

காக்காவுக்கு நான் சொன்ன உதாரணம் வடிகான். கடைத்தெருவில் ஒவ்வொரு கடைக்காரனும் தன் கடைக்கு முன்னால் தனித்தனியாக வடிகான் வெட்டினால் தண்ணி ஓடாது. எல்லாரும் பங்கு போட்டு ஒன்றை வெட்டினால் செலவும் குறைவு, கடைக்குள்ளும் வெள்ளம் வராது. போட்டி கடைக்குள்ளேதான். லினக்ஸ் அப்படிப்பட்ட வடிகான். ஐ.பி.எம். கணனியையும் சேவையையும் விற்றது, ரெட் ஹட் பராமரிப்பை விற்றது. அடியிலிருக்கும் நிரல் பொதுவாகவே இருந்தது.

“அப்ப யாவாரம்தான்” என்றார் காக்கா. ஆம், வியாபாரம்தான். அதைத் தர்மம் என்று நினைத்தால்தான் ஏமாறுவோம்.

இதற்கு நமது நாட்டிலேயே தெளிவான சாட்சி இருக்கிறது. லங்கா சொப்ட்வெயார் பவுண்டேஷனைத் தொடங்கியவர்களில் ஒருவர் சஞ்சீவ வீரவரண. அப்போது அவர் ஐ.பி.எம். ஆய்வுப் பிரிவில் இருந்தார். அங்கே கூடிய இளம் பொறியியலாளர்கள் அப்பாச்சி அமைப்பின் ‘அக்சிஸ்2’ என்ற மென்பொருளை எழுதுவதில் பெரும் பங்கு வகித்தார்கள். ஒரு கம்பனியின் கணனியையும் இன்னொன்றின் கணனியையும் பேச வைக்கும் மென்பொருள் அது. 2005இல் அவரும் சகாக்களும் அந்த அனுபவத்தை வைத்து டபிள்யூ.எஸ்.ஓ.2 என்ற கம்பனியைத் தொடங்கினார்கள். நிரலைத் திறந்தே வைத்து, பராமரிப்பையும் ஆலோசனையையும் விற்றார்கள். இன்டெல் முதலிட்டது, ஈபே வாடிக்கையாளரானது. 2024இல் 60 கோடி டொலருக்கு மேற்பட்ட மதிப்பில் அதை வாங்க ஈ.கியூ.ரி. என்ற முதலீட்டு நிறுவனம் உடன்பட்டது.

சஹனவும் அதே தொட்டிலில் வளர்ந்த பிள்ளைதான். 2005இல் பாகிஸ்தான் பூகம்பம், 2006இல் பிலிப்பைன்ஸ் மண்சரிவு, யோக்யகார்த்தா பூகம்பம், 2010இல் ஹெய்ட்டி என்று அது பல நாடுகளுக்குப் போனது. 2006ஆம் ஆண்டுக்கான சமூகப் பயன் விருதைக் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை அதற்கு வழங்கியது. ஐ.பி.எம். கூட உதவியது. ஆனால், வீடிழந்தவன் பராமரிப்புக் கட்டணம் கட்டுவானா? சுவீடன் அரசின் உதவிப் பணத்திலும் தொண்டர்களின் ஓய்வு நேரத்திலும்தான் அது நடந்தது. 2009இல் இலாப நோக்கற்ற அறக்கட்டளையானது.

நிரல் எழுதும் திறமையில் இரண்டுக்கும் வித்தியாசமில்லை. ஒன்றுக்குக் காசு கட்டும் வாடிக்கையாளர் இருந்தார், மற்றதற்கு இல்லை. கம்பனி இல்லாமல் திறந்த மூலம் இவ்வளவு தூரம் வந்திருக்காது. ஆனால் கம்பனி தனக்குத் தேவையானதைத்தான் வளர்க்கும். முகாமிலிருந்த அந்த உம்மாவுக்குத் தேவையானது எந்தக் கம்பனியின் விலைப்பட்டியலிலும் இல்லை.

வடிகானை வெட்டியவன் நாளைக்குக் கடையை விற்றுவிட்டுப் போகலாம், வடிகான் அங்கேயே கிடக்கும். திறந்த உரிமத்தின் பெறுமதி அதுதான். ஆனால் துப்புரவாக்க ஆளில்லாவிட்டால் அதுவும் தூர்ந்து போகும். நமது வாலிபர்கள் பலர் கொழும்பிலும் வளைகுடாவிலும் கணனிக் கம்பனிகளில் இருக்கிறார்கள். ஒவ்வொரு மாரியிலும் நமது பிரதேசத்தில் வெள்ளம் வருகிறது, பெயர்களை இன்னும் கொப்பியில் எழுதுகிறோம். இருக்கிற நிரலை எடுத்து நமது தேவைக்கும் நமது தமிழுக்கும் ஏற்பத் திருத்த, வாரத்தில் சில மணித்தியாலம் தர அவர்களால் முடியும். அதற்கான செலவில் ஒரு பங்கை நமது வர்த்தகர்கள் பொறுப்பேற்க முடியும். காக்காவிடம் இதையும் கேட்டிருக்கிறேன். “எவ்வளவு முடியும், கணக்க எழுதிக்கொண்டு வா” என்றார்.