அவுரி வயலும் மணிச்சத்தும்: வட பீகாரின் ஒரு பழைய வழக்கு

பசுந்தாள் உரத்தைப் பற்றிப் பேசும்போதெல்லாம் ஒரு கூற்று தவறாமல் எழுகிறது. பயறுவகைச் செடியை விதைத்து, பூக்கும் பருவத்தில் மடக்கி உழுதுவிட்டால் மண் தனக்கு வேண்டியதைத் தானே ஈட்டிக்கொள்ளும் என்பதே அது. தழைச்சத்தைப் பொறுத்தவரை இது பெரிதும் உண்மை. வேர்முண்டுகளில் வாழும் நுண்ணுயிர்கள் காற்றிலுள்ள நைட்ரஜனை ஈர்த்துத் தருகின்றன. மணிச்சத்தாகிய பாஸ்பரசுக்கு அத்தகைய வான்வழி இல்லை. மூடுபயிர் அதை மண்ணிலிருந்தே எடுக்கிறது. மடக்கி உழுதால் அம்மண்ணுக்கே திருப்பித் தருகிறது. வரவு புதிதன்று, சுழற்சி மட்டுமே நிகழ்கிறது. இந்த வேறுபாடு இந்திய வேளாண் அறிவியலில் ஒரு வழக்காகவே எழுந்த இடம் வட பீகார், பயிர் அவுரி.

1897இல் ஜெர்மனியின் செயற்கை நீலம் சந்தைக்கு வந்தபின் பீகாரின் ஐரோப்பியத் தோட்டமுதலாளிகள் சாயம் மிகுதியாகத் தரும் ஜாவா அவுரியை நாடினர். அப்பயிரோ வாடல் நோய்க்கு இரையாயிற்று. 1905இல் தோற்றுவிக்கப்பட்ட பூசா ஆராய்ச்சி நிலையத்தில் பணியாற்றிய ஆல்பர்ட் ஹோவர்டும் கேப்ரியல் ஹோவர்டும் செடியின் வேரைத் தோண்டி ஆராய்ந்தனர். பருவமழையில் மண் இறுகிக் காற்றோட்டம் குன்றுவதால் நுண்வேர்களும் வேர்முண்டுகளும் அழிகின்றன. வாடலுக்குக் காரணம் அதுவே என்றனர்.

முதல் உலகப்போர் ஜெர்மன் சாயத்தின் வரவைத் தடுக்கவே அவுரிக்கு மீண்டும் நல்விலை கிடைத்தது. அப்போது பூசாவில் அவுரி ஆராய்ச்சிக்கென அமர்த்தப்பட்ட வேதியியலர் டபிள்யூ. ஏ. டேவிஸ், 1918இல் பீகாரின் அவுரி மண்ணைப் பற்றிய தம் ஆய்வை வெளியிட்டார். மண்ணில் மணிச்சத்து வறண்டுவிட்டது, உடனே பாஸ்பேட் உரம் இடாவிடில் விளைச்சல் நிலைக்காது என்பது அவர் முடிவு. ஒருவர் வேரைப் பார்த்தார்; மற்றவர் மண்ணின் இருப்புக் கணக்கைப் பார்த்தார்.

இன்றைய அறிவைக் கொண்டு நோக்கினால் இரு தரப்பிலும் உண்மை உண்டு. அப்பகுதியின் மண் பல இடங்களில் சுண்ணாம்பு மிக்கது. அங்கே மணிச்சத்து பெருமளவு கால்சியம் பாஸ்பேட்டாகக் கட்டுண்டு கிடக்கிறது. மொத்த இருப்பு குறைவில்லாதிருந்தும் பயிருக்கு எட்டுவது சிறிதாகலாம். அக்காலத்தில் பரவலாக வழங்கிய டையரின் சிட்ரிக் அமில முறை, சுண்ணாம்பே அமிலத்தை நடுநிலையாக்கிவிடும் இத்தகைய மண்ணுக்குப் பொருந்துவதில் இடர் இருந்தது. இதற்கு ஏற்ற ஓல்சனின் பைகார்பனேட் முறை 1954இல்தான் வந்தது.

கட்டுண்ட அந்த இருப்பைத் திறப்பதில் வேருக்குப் பங்குண்டு. காற்றின் நைட்ரஜனைப் பயன்படுத்தும் பயறுவகைச் செடியின் வேரைச் சுற்றி அமிலத்தன்மை கூடுகிறது. அது கால்சியம் பாஸ்பேட்டைக் கரைக்க உதவுகிறது. சில செடிகளின் வேர்கள் சிட்ரேட், மாலேட் முதலிய கரிம அமிலங்களைக் கசிகின்றன. வேரும் நுண்ணுயிரும் சுரக்கும் பாஸ்படேஸ் நொதிகள் கரிமப் பாஸ்பரசை விடுவிக்கின்றன. வேர்ப்பூஞ்சை இழைகள் வேர் எட்டாத இடத்திலிருந்தும் அதைக் கொணர்கின்றன. காற்றின்றி வேர் நலிந்தால் இவையெல்லாம் தடைப்படும். அவ்வகையில் ஹோவர்டின் காற்றோட்டமும் டேவிஸின் மணிச்சத்தும் ஒரே சிக்கலின் இரு முனைகளாகலாம்.

மடக்கி உழும் பருவமும் இங்கே முதன்மை பெறுகிறது. இளம் பசுந்தாளின் உலர்நிறையில் 0.2 முதல் 0.3 விழுக்காடு பாஸ்பரஸ் இருக்கும். ஹெக்டேருக்கு 4 டன் உலர்நிறை எனக் கொண்டால் 8 முதல் 12 கிலோ சுழற்சிக்குள் வருகிறது. மட்கும் பொருளில் கார்பனுக்கும் பாஸ்பரசுக்குமான விகிதம் 200க்குக் கீழிருந்தால் சத்து விடுபடும். 300ஐத் தாண்டினால் நுண்ணுயிர்கள் மண்ணிலிருந்த சத்தையும் தற்காலிகமாக ஈர்த்து வைத்துக்கொள்ளும். முற்றிய தண்டை உழுதுவிட்டு அடுத்த பயிர் ஏன் தேறவில்லை என வியப்பதில் பொருளில்லை.

இனி வரலாற்றாசிரியர் கேட்க வேண்டிய கேள்விக்கு வருவோம்: செடி எங்கே போயிற்று? அவுரியும் பயறுவகைச் செடியே. எனினும் அது மடக்கி உழப்படவில்லை; அறுத்துத் தொட்டிக்குக் கொண்டுபோகப்பட்டது. சம்பாரணில் தீன்கட்டியா முறைப்படி குடியானவர் பிகா ஒன்றின் 20 கட்டாவில் 3 கட்டா நிலத்தில் அவுரி பயிரிடக் கட்டாயப்படுத்தப்பட்டனர். சாயம் இறக்கியபின் எஞ்சிய சக்கையைக் காலனிய ஆவணங்கள் ‘சீத்’ என்கின்றன. அது மதிப்புமிக்க உரம். சக்கை குவிந்த இடம் முதலாளியின் ஆலை. ஆலையைச் சூழ்ந்த அவருடைய சொந்தச் சாகுபடி நிலத்துக்கு அது சென்றபோதெல்லாம் குடியானவர் வயலின் மணிச்சத்தும் உடன் சென்றது. காற்று தழைச்சத்தை ஓரளவு ஈடுசெய்திருக்கும். மணிச்சத்தை ஈடுசெய்ய எதுவும் இல்லை. 1917இல் காந்தி சம்பாரணுக்குச் சென்றதும், 1918இல் சட்டம் தீன்கட்டியாவை ஒழித்ததும் நிலவுரிமை வரலாறாகவே படிக்கப்படுகின்றன. அவற்றை மண்ணின் சத்து இடம்பெயர்ந்த வரலாறாகவும் படிக்க இடமுண்டு. டேவிஸின் ஆய்வும் தீன்கட்டியாவின் முடிவும் ஒரே ஆண்டைச் சேர்ந்தவை.

மூடுபயிரை ஆராயும் மாணவர்கள் சோதனைத் திடலில் கிடைக்கும் மண்ணாய்வு எண்ணோடு நின்றுவிடலாகாது. எட்டும் மணிச்சத்து கூடியதென்றால், அது கட்டுண்ட இருப்பிலிருந்து வந்ததா, வெளியிலிருந்து வந்ததா எனப் பிரித்தறிய வேண்டும். இருப்பிலிருந்து வந்ததாயின், தானியமும் தீவனமும் வயலைவிட்டு வெளியேறும் ஒவ்வொரு பருவத்திலும் அது குறைந்துகொண்டே போகும். மூடுபயிர் இருப்பைத் திறக்கும் சாவி. களஞ்சியத்தை நிரப்பும் கை வேறு. எருவோ எலும்புத்தூளோ பாஸ்பேட் உரமோ எதுவாயினும், எடுத்ததற்கு ஈடு வெளியிலிருந்து வந்தாக வேண்டும். பாறைப் பாஸ்பேட்டுக்குப் பெரும்பாலும் அயல்நாடுகளைச் சார்ந்திருக்கும் இந்தியாவுக்கு அந்தச் சாவியும் இன்றியமையாதது. சாவியையே களஞ்சியமாக எண்ணிவிடாத தெளிவும் இன்றியமையாதது.

தமிழ் வேளாண் வழக்கு இச்சத்துக்கு மணிச்சத்து எனப் பெயரிட்டது. தழையோடு வருவதைத் தழைச்சத்து என்றோம்; மணியோடு வெளியேறுவதை இப்பெயர் நினைவூட்டிக்கொண்டே இருக்கிறது.