சாகோஸில் நங்கூரமிட்ட பாய்மரப் படகுகள்

சாகோஸ் தீவுக்கூட்டம் இந்தியப் பெருங்கடலின் நடுவே, மாலத்தீவுக்குத் தெற்கே சுமார் 500 கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது. ஏழு பவள வளையங்களில் சிதறிக் கிடக்கும் ஏறத்தாழ 60 தீவுகள். எல்லாம் சேர்ந்து நிலப்பரப்பு சுமார் 60 சதுர கிலோமீட்டர். அதில் ஏறக்குறைய பாதி டியகோ கார்சியா என்ற ஒரே தீவுக்குப் போய்விடுகிறது. 1970களுக்குப் பிறகு, சொந்தப் பாய்மரப் படகில் பெருங்கடல் கடப்பவர்கள் ஒருமுறையாவது போய்த் தங்க ஆசைப்பட்ட இடங்களில் சாகோஸும் ஒன்றானது. படகுகள் தங்கிய தீவுகளில் கடை கிடையாது, விடுதி கிடையாது, குடியிருப்பவர் எவரும் கிடையாது. இந்த ஆளில்லாத அழகு இயற்கை தந்தது அல்ல, அரசாணையால் உண்டாக்கப்பட்டது. படகுகளின் கதையை அங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.

பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் மொரீஷியஸிலிருந்து வந்த பிரெஞ்சுக்காரர்கள் இங்கே தென்னந்தோட்டங்கள் போட்டார்கள். மொசாம்பிக்கிலிருந்தும் மடகாஸ்கரிலிருந்தும் பிடித்துவரப்பட்ட அடிமைகளே அந்தத் தோட்டங்களில் உழைத்தார்கள். 1814 பாரிஸ் உடன்படிக்கையின்படி மொரீஷியஸோடு சாகோஸும் பிரிட்டன் கைக்கு மாறியது. 1835இல் அடிமை முறை ஒழிந்த பிறகு தென்னிந்தியாவிலிருந்தும் கூலியாட்கள் வந்து சேர்ந்தார்கள். ஆண்கள் மட்டை உரித்தார்கள். பெண்கள் தேங்காயை உடைத்துப் பருப்பைப் பிரித்தார்கள். கொப்பரையும் எண்ணெயும் மொரீஷியஸுக்குப் போயின; அரிசியும் துணியும் எப்போதாவது வரும் கப்பலில் வந்தன. அந்தத் தனிமை எவ்வளவு ஆழமானது என்பதற்கு ஒரு சம்பவம் போதும். 1914 செப்டம்பர் 22 அன்று சென்னையின் மீது குண்டு வீசிய ஜெர்மன் போர்க்கப்பல் எம்டன், அடுத்த மாதம் டியகோ கார்சியாவுக்குள் நுழைந்தது. உலகப் போர் மூண்ட செய்தியே அங்கு எட்டியிருக்கவில்லை. ஜெர்மானிய மாலுமிகள் நிதானமாகக் கப்பலின் அடிப்பாகத்தைச் சுரண்டிச் சுத்தம் செய்தார்கள், நிலக்கரி ஏற்றினார்கள், தீவுக்காரரின் மோட்டார் படகு ஒன்றையும் பழுது நீக்கிக் கொடுத்துவிட்டுப் புறப்பட்டார்கள்.

ஏறத்தாழ இரண்டு நூற்றாண்டுகளில் தீவுகளுக்கென ஒரு கிரியோல் மொழியும், மாதா கோயில்களும், பல தலைமுறைக் கல்லறைகளும் உண்டாகிவிட்டன. 1965 நவம்பரில் பிரிட்டன், விடுதலைக்குக் காத்திருந்த மொரீஷியஸிடமிருந்து சாகோஸைப் பிரித்துத் தனி ஆட்சிப்பகுதி ஆக்கியது. அடுத்த ஆண்டு டியகோ கார்சியாவை ராணுவத் தளத்துக்காக அமெரிக்காவுக்கு அளிக்கும் உடன்பாடு கையெழுத்தானது. சிகிச்சைக்கென மொரீஷியஸ் போனவர்கள் திரும்பிவரக் கப்பலில் இடம் மறுக்கப்பட்டது. 1971இல் டியகோ கார்சியாவையும், 1972இல் சாகோஸின் மற்றொரு வளையமான சாலமனையும், 1973இல் பெரோஸ் பன்யோஸ் வளையத்தையும் காலி செய்தார்கள். மக்கள் வளர்த்த நாய்களைக் கொப்பரை உலர்த்தும் கொட்டகையில் அடைத்து வாகனப் புகையால் கொன்றார்கள். மொத்தம் 1,500க்கும் 2,000க்கும் இடைப்பட்ட மக்கள் மொரீஷியஸ், சீஷெல்ஸ் சேரிகளில் போய் விழுந்தார்கள்.

படகுகள் வந்தது இந்த வெறுமைக்குள்தான். தென்கிழக்கு ஆசியாவிலிருந்தோ மாலத்தீவிலிருந்தோ கிழக்கு ஆப்பிரிக்காவை நோக்கிப் போகிறவர்களுக்குச் சாகோஸ் வழியில் கிடைத்த நிறுத்தம். தென் இந்தியப் பெருங்கடலின் சூறாவளிகள் பெரும்பாலும் இதற்குத் தெற்கேதான் கடக்கும் என்பதால், பருவம் மாறும்வரை அச்சமின்றிக் காத்திருக்கலாம். ராணுவத் தளமான டியகோ கார்சியா அவர்களுக்கு மூடப்பட்டிருந்தது. எனவே அதிலிருந்து இருநூறு கிலோமீட்டருக்கு அப்பால் வடக்கே உள்ள சாலமன் வளையமே அவர்களின் புகலிடமானது.

சாலமன் வளையத்தின் வடக்குப் பக்கத்தில் ஒரு வாய் உண்டு. உள்ளே நாற்புறமும் அலை அடங்கிய காயல். நுழைவது எளிதல்ல. காயலுக்குள் முருகைக்கல் பாறைகள் திடீரென நீர்மட்டத்தை ஒட்டி எழும்பி நிற்கும். சூரியன் உச்சிக்கு ஏறிய பிறகே, ஒருவர் முன்னணியத்தில் நின்று நீரின் நிறத்தைப் பார்த்துச் சொல்லச் சொல்லப் படகைச் செலுத்துவார்கள்: அடர்நீலம் ஆழம், இளம்பச்சை மணல், பழுப்பு பாறை. நங்கூரச் சங்கிலி பாறைகளில் சுற்றிக்கொள்வதும் வழக்கம். காற்று திசை மாறும் நாளில் அது அறுந்தால் படகு கரைப்பாரில் மோதி உடையும். சங்கிலி உரசி உரசிப் பவளமும் சேதமானது.

சிலர் வாரக்கணக்கில் தங்கினார்கள், சிலர் மாதக்கணக்கில். வளையத்தில் உள்ள போடம் தீவின் கிணறுகளில் துணி துவைத்தார்கள். தோப்பில் உதிர்ந்த தேங்காய், சீமைப்பலா, காயலில் பிடித்த மீன் என்று உணவும் கிடைத்தது. கூரை போன மாதா கோயிலின் சுவர்களைக் கொடிகள் மூடியிருந்தன. அந்தக் கிணறுகளை வெட்டியவர்களும், தோப்பை வைத்தவர்களும், கோயிலைக் கட்டியவர்களும் அப்போது மொரீஷியஸில் உயிரோடு இருந்தார்கள் அல்லது அவர்கள் பிள்ளைகள் இருந்தார்கள். அவர்கள் திரும்பிவருவதைச் சட்டம் தடுத்தது. படகுக்காரர்களை நீண்ட காலம் பெரிதாகத் தடுக்கவில்லை. எந்தப் படகுக்காரரையும் தனித்துக் குறை சொல்வதற்கில்லை. அந்த வேறுபாட்டை அனுமதித்த நிர்வாகம்தான் பொறுப்பு.

பிற்காலத்தில் கட்டுப்பாடு இறுகியது. முன்கூட்டியே அனுமதி பெற வேண்டும், கட்டணம் செலுத்த வேண்டும், உடைந்த படகை அகற்றவும் நோயாளியை வெளியேற்றவும் காப்பீடு வேண்டும், 28 நாளுக்கு மேல் தங்கக் கூடாது என்று விதிகள் வந்தன. 2010 ஏப்ரலில் பிரிட்டன் சாகோஸைச் சுற்றி சுமார் 6,40,000 சதுர கிலோமீட்டர் கடலைப் பாதுகாப்புப் பகுதியாக அறிவித்தது. அதே காலத்தில் சோமாலியக் கடற்கொள்ளையர் பயத்தால் இந்தியப் பெருங்கடலைக் கடக்கும் படகுகளும் குறைந்தன.

தீவு மக்கள் நீதிமன்றங்களை விடவில்லை. அவர்களில் ஒருவரான ஒலிவியே பான்கூல் தொடுத்த வழக்கில், 2000இல் லண்டன் உயர்நீதிமன்றம் வெளியேற்ற ஆணையைச் சட்டவிரோதம் என்றது. 2004இல் அரசு புதிய ஆணை பிறப்பித்து மறுபடி கதவை அடைத்தது. 2008இல் பிரபுக்கள் சபை 3-க்கு 2 என்ற கணக்கில் அதை ஏற்றது. இடையே, 2006இல் சுமார் நூறு பேர் தங்கள் கல்லறைகளைச் சுத்தம் செய்து வழிபட ஒருமுறை கப்பலில் அழைத்துச் செல்லப்பட்டார்கள். சில நாட்கள் மட்டும். 2019 பிப்ரவரியில் சர்வதேச நீதிமன்றம், மொரீஷியஸின் விடுதலை முறையாக நிறைவேறவில்லை, பிரிட்டன் விரைவில் சாகோஸிலிருந்து விலக வேண்டும் என்று கருத்துரைத்தது.

இந்தக் கடலுக்கு ஈழத்தமிழர்களும் வந்தார்கள். 2021 அக்டோபரில் கனடா நோக்கிப் புறப்பட்ட மீன்பிடிப் படகு ஒன்று நடுக்கடலில் தத்தளிக்க, அதிலிருந்த 89 பேர் டியகோ கார்சியாவில் இறக்கப்பட்டார்கள். வேலி போட்ட கூடார முகாமில் மூன்று ஆண்டுகளுக்கு மேல் வைக்கப்பட்டார்கள். அது சட்டவிரோதக் காவல் என்று 2024 டிசம்பரில் நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

2025 மே 22 அன்று பிரிட்டனும் மொரீஷியஸும் ஓர் உடன்படிக்கையில் கையெழுத்திட்டன. அதன்படி இறையாண்மை மொரீஷியஸுக்கு மாறும். டியகோ கார்சியா 99 ஆண்டுகளுக்குப் பிரிட்டனின் பொறுப்பில் இருக்கும். மற்ற தீவுகளில் மக்களைக் குடியமர்த்த மொரீஷியஸ் திட்டமிடலாம். பேச்சுவார்த்தை மேசையில் சாகோஸ் மக்களுக்குத் தனி இருக்கை தரப்படவில்லை.