உடல் எடைக் குறைப்பு அறுவை சிகிச்சைக்கான காப்பீடு (இந்தியா)

பேரியாட்ரிக் சர்ஜரி எனப்படும் உடல் எடைக் குறைப்பு அறுவை சிகிச்சைக்கு இந்தியாவில் மருத்துவக் காப்பீடு நிபந்தனைகளுடன் கிடைக்கிறது. இரைப்பையின் பெரும்பகுதியை வெட்டி நீக்கும் ஸ்லீவ் காஸ்ட்ரெக்டமி, இரைப்பையைச் சிறு பையாக்கிச் சிறுகுடலோடு இணைக்கும் காஸ்ட்ரிக் பைபாஸ் ஆகியவை இதில் பரவலானவை. முன்பு பல பாலிசிகள் உடற்பருமன் சிகிச்சையை முற்றாக விலக்கியிருந்தன. காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐ, 2019 செப்டம்பரில் விலக்குகளுக்கான பொது வாசகத்தை வகுத்த பின் நிலைமை மாறியது.

தகுதி

பாலிசிப் பத்திரத்தில் இது இன்றும் விலக்குகளின் கீழ்தான், 06 என்ற குறியீட்டுடன் இடம்பெறுகிறது. அங்கு சொல்லப்படும் நிபந்தனைகள் அனைத்தையும் நிறைவு செய்பவருக்கு அந்த விலக்கு பொருந்தாது. அறுவை சிகிச்சை மருத்துவரின் ஆலோசனைப்படியும், மருத்துவ நெறிமுறைகளுக்கு உட்பட்டும் நடக்க வேண்டும். நோயாளிக்கு 18 வயது நிறைந்திருக்க வேண்டும். உடல் நிறை குறியீட்டெண் (பிஎம்ஐ) 40 அல்லது அதற்கு மேல் இருக்க வேண்டும். 35 முதல் 40க்குள் இருந்தால், அறுவையல்லாத எடைக் குறைப்பு முயற்சிகள் பலனளிக்காத நிலையில், பருமனால் வந்த இதயத்தசை நோய், இதயத் தமனி நோய், கடுமையான உறக்க மூச்சுத்தடை, கட்டுப்படாத இரண்டாம் வகை நீரிழிவு ஆகியவற்றில் ஒன்றேனும் இருக்க வேண்டும். உயர் ரத்த அழுத்தம், முழங்கால் தேய்மானம், கல்லீரல் கொழுப்பு ஆகியவை இப்பட்டியலில் இல்லை.

165 செ.மீ. உயரமுள்ளவருக்கு பிஎம்ஐ 40 என்பது சுமார் 109 கிலோ. 35 என்பது சுமார் 95 கிலோ. அதே உயரத்தில் 104 கிலோ எடையும் மூட்டுவலியும் மட்டும் உள்ளவருக்குக் கிளெய்ம் கிடைக்காது. சர்க்கரை கட்டுக்குள் வராதவருக்குக் கிடைக்க வாய்ப்புண்டு.

வரம்பு பற்றிய விவாதம்

40, 35 என்ற எல்லைகள் 1991இல் அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனங்களின் கருத்தொருமிப்பு அறிக்கை வகுத்தவை. இந்தியர்களுக்குக் குறைந்த எடையிலேயே வயிற்றுக் கொழுப்பும் நீரிழிவும் வருவதால், 2009இல் இந்திய மருத்துவ வல்லுநர்கள் 37.5, இணைநோய் இருந்தால் 32.5 எனப் பரிந்துரைத்தனர். 2022இல் இரு அறுவை மருத்துவர் அமைப்புகள் ஆசியர்களுக்கு 27.5 முதலே சிகிச்சையைப் பரிசீலிக்கலாம் என்றன. காப்பீட்டு வாசகம் பழைய எல்லையிலேயே நிற்பதால், மருத்துவர் பரிந்துரைக்கும் எல்லாருக்கும் காப்பீடு கிடைப்பதில்லை.

காத்திருப்புக் காலம்

தனிநபர் பாலிசிகளில் ஏற்கெனவே உள்ள நோய்களுக்கும், பெயர் குறிப்பிட்ட சில சிகிச்சைகளுக்கும் காத்திருப்புக் காலம் உண்டு. 2024 விதிகளின்படி இது 36 மாதத்தைத் தாண்டக் கூடாது. பாலிசி எடுக்கும்போது எடையையோ நீரிழிவையோ மறைத்தால் கிளெய்ம் நிராகரிக்கப்படலாம். நிறுவன ஊழியர்களுக்கான குழுக் காப்பீட்டில் இக்காலம் பெரும்பாலும் தளர்த்தப்படுகிறது.

விண்ணப்பமும் முறையீடும்

திட்டமிட்டுச் செய்யும் சிகிச்சை என்பதால், மருத்துவமனையின் காப்பீட்டுப் பிரிவு முன்னனுமதி கோரும். உயரம், எடை பதிவான மருத்துவக் குறிப்பு, முந்தைய எடைக் குறைப்பு முயற்சிகளின் சான்று, மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி காட்டும் எச்பிஏ1சி முடிவு, உறக்க ஆய்வு அறிக்கை போன்றவை தேவைப்படும். கேஷ்லெஸ் கோரிக்கைக்கு ஒரு மணி நேரத்துக்குள் முடிவு சொல்ல வேண்டும் என்பது 2024 விதி.

மறுப்பு வந்தால் முதலில் காப்பீட்டு நிறுவனத்தின் குறைதீர்ப்புப் பிரிவை அணுக வேண்டும். ஒரு மாதத்தில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் திருப்தி தராவிட்டாலோ, காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் (ஒம்புட்ஸ்மேன்) கட்டணமின்றி முறையிடலாம். தமிழகத்துக்கான அலுவலகம் சென்னையில் உள்ளது.

சேராத செலவுகள்

எடை குறைந்தபின் தொங்கும் தோலை அழகுக்காகச் சீரமைப்பது, ஒப்பனை அறுவை சிகிச்சைக்கான தனி விலக்கின் கீழ் வருகிறது. வீடு திரும்பியபின் நெடுங்காலம் எடுக்க வேண்டிய வைட்டமின்கள், புரதப் பொடிகளின் செலவும் பொதுவாக நோயாளியையே சாரும்.