ஆணி விதைத்த அண்ணன் தம்பி

சேலம் அடிவாரத்தில் ஒரு டீ குடித்துவிட்டு, பைக்கில் ஏற்காடு ஏறிக்கொண்டிருக்கிறீர்கள். மொத்தம் 20 கொண்டை ஊசி வளைவுகள். 12-வது வளைவில் திரும்பும்போது வண்டியின் பின்பக்கம் பாம்பு மாதிரி நெளிகிறது. 'என்னங்க, இப்படி ஆட்டுது?' என்று பின்னாலிருந்து குரல். இறங்கிப் பார்த்தால், பின் டயர் சப்பையாகக் கிடக்கிறது. மேலே போனால் எட்டு வளைவு, கீழே போனால் பதினொன்று. சுற்றிலும் மரங்கள். சுவரில் உட்கார்ந்து வேடிக்கை பார்க்கும் குரங்குகள்.

ஏன் எப்போதும் பின் சக்கரமே மாட்டுகிறது? ரோட்டில் சாதுவாகப் படுத்திருக்கும் ஆணியை முன் சக்கரம் தட்டி எழுப்பிவிடுகிறது. பின்னால் வரும் சக்கரம் அதை வாங்கிக்கொள்கிறது. இரண்டு பேர் பாரத்தில் பெரும்பகுதியும் அதன் மேல்தான். செயின், பிரேக் என்று எல்லாச் சிக்கலும் இருப்பதும் அங்கேதான். கழற்றக் கஷ்டமான சக்கரம்தான் அதிகம் பஞ்சர் ஆகும்!

1820-களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன், சேர்வராயன் மலைக்குக் காபிச் செடியைக் கொண்டுவந்தவர். அவருக்கு இந்தத் தொல்லை இல்லை. காற்றடைத்த டயர் என்ற பொருளே அப்போது உலகத்தில் கிடையாது.

அதை முதலில் யோசித்தவர் ராபர்ட் வில்லியம் தாம்சன் என்ற ஸ்காட்லாந்துக்காரர். 1845-ல், 23 வயதில் காப்புரிமை வாங்கினார். குதிரை வண்டிக்காகச் செய்தது. அருமையான சரக்கு, ஆனால் சீந்துவாரில்லை. உலகம் மறந்தே போனது. 1888-ல் பெல்ஃபாஸ்ட் நகரத்துக் கால்நடை மருத்துவர் ஜான் பாய்ட் டன்லப், தன் மகனின் மூன்று சக்கர சைக்கிள் குலுங்காமல் ஓடுவதற்காக ரப்பர் குழாயில் காற்றடைத்துச் சக்கரத்தில் சுற்றினார். தாம்சனைப் பற்றி அவர் கேள்விப்பட்டதே இல்லை. தாம்சன் முந்திக்கொண்ட விஷயம் பிறகு தெரியவந்து, டன்லப்பின் காப்புரிமை செல்லாமல் போனது தனிக்கதை.

சைக்கிள்காரர்கள் டன்லப் டயரைக் கொண்டாடினார்கள். பஞ்சர் ஆகிறவரைக்கும்! ஏனென்றால் அந்த டயரைச் சக்கரத்தோடு ஒட்டிவைத்திருந்தார்கள். ஒரு ஓட்டையை அடைக்க வேண்டும் என்றால் மொத்தத்தையும் உரிக்க வேண்டும்.

1889-ல் பிரான்ஸின் கிளெர்மான்-ஃபெரான் ஊரில் இருந்த ஒரு ரப்பர் தொழிற்சாலைக்கு, இப்படி டயர் பஞ்சரான இங்கிலாந்து சைக்கிள்காரர் ஒருவர் வந்து நின்றார். பிரித்து ஒட்டவே மூன்று மணி நேரம். பசை காய ஒரு ராத்திரி. மறுநாள் காலையில் முதலாளிகளில் ஒருவரான எடுவார் மிஷ்லன் அந்த சைக்கிளை ஆசையாக எடுத்து ஓட்டினார். சில நூறு மீட்டர்தான்... புஸ்ஸ்ஸ்!

வேறு யாராவது என்றால் டன்லப்பைத் திட்டிவிட்டுப் போயிருப்பார்கள். எடுவாருக்கு இரண்டு விஷயம் புரிந்தது. காற்றில் ஓடுவது சுகம். ஆனால், யார் வேண்டுமானாலும் நிமிஷக் கணக்கில் கழற்றி மாட்ட முடியாவிட்டால் அந்தச் சுகம் உதவாது. 1891-ல் கழற்றி மாட்டும் டயருக்குக் காப்புரிமை வாங்கினார். அதே வருஷம் பாரிஸிலிருந்து பிரெஸ்ட் போய்த் திரும்பும் சுமார் 1,200 கிலோமீட்டர் பந்தயத்தில், அந்த டயரோடு ஓடிய சார்ல் தெரோன் ஜெயித்தார். அடுத்த வருஷம் அண்ணன் ஆந்த்ரேயும் தம்பி எடுவாரும் சேர்ந்து பாரிஸிலிருந்து சொந்த ஊருக்கு ஒரு பந்தயம் வைத்தார்கள். பாதையில் ஆணிகளையும் அவர்களே போட்டுவைத்தார்கள். பஞ்சர் ஆனால்தானே சீக்கிரம் கழற்றி மாட்டலாம் என்று ஊருக்குக் காட்ட முடியும்! இந்த விளம்பரத் துணிச்சல் இன்றைக்கு யாருக்கு வரும்?

கார்களுக்கு விடிவு 1904-ல் வந்தது. வேல்ஸ் நாட்டின் லனெத்லி ஊரில், ஸ்டெப்னி தெருவில் கடை வைத்திருந்த டேவிஸ் சகோதரர்கள், பஞ்சரான சக்கரத்தின் மேலேயே மாட்டிக்கொள்ளும் உதிரிச் சக்கரத்தைச் செய்தார்கள். தெருவின் பெயரே சக்கரத்துக்கும் ஆனது. நாம் இன்றும் 'ஸ்டெப்னி இருக்கா?' என்றுதான் கேட்கிறோம்.

இரு சக்கர வண்டியில் அந்த வசதியைக் கொடுத்தது ஸ்கூட்டர். 1946-ல் வந்த வெஸ்பாவை வடிவமைத்த கொராதினோ தாஸ்கானியோ, விமான இன்ஜினீயர். மோட்டார் சைக்கிள் என்றாலே அவருக்கு ஆகாது. பஞ்சரானால் சக்கரத்தைக் கழற்றுவது பெரும்பாடு என்பதும் ஒரு காரணம். அதனால் விமானத்தின் இறங்கு சக்கரம்போல முன் சக்கரத்தை ஒரு பக்கம் மட்டும் தாங்கிப் பிடிக்கவைத்தார். நாலைந்து நட்டைக் கழற்றினால் சக்கரம் கையில். நம் வீட்டு பஜாஜ் சேட்டக்கில் அப்பாக்கள் நடுரோட்டில் ஸ்டெப்னி மாற்றியது இப்படித்தான்.

பைக்குக்கு ஸ்டெப்னி இல்லை. அதற்கும் ஒரு சலுகை வந்தது. நம் ஊரின் 100 சிசி வண்டிகள் பலவற்றில் ஆக்ஸிலை உருவினால் செயினும் பல்சக்கரமும் அங்கேயே நிற்க, சக்கரம் மட்டும் தனியாக வந்துவிடும். டியூப் இல்லாத டயர் என்றால் அதுவும் வேண்டாம். ஓட்டையில் ரப்பர் திரியைச் செருகினால் முடிந்தது. ஆனால் ஸ்போக் வைத்த வண்டிகள் பலவற்றில் இன்னும் டியூப்தான்.

சரி, 12-வது வளைவுக்கு வருவோம். 'கொஞ்ச தூரம்தானே, மெதுவா ஓட்டிடலாம்' என்று மட்டும் நினைக்காதீர்கள். காற்றில்லாத டயர் ரிம்மில் வழுக்கிச் சுற்றும். கூடவே டியூபை இழுத்து, வால்வை அடியோடு பிய்த்துவிடும். வெறும் ஆணி ஓட்டை என்றால் பஞ்சர்காரர் சக்கரத்தைக் கழற்றக்கூட மாட்டார். டயரின் ஒரு விளிம்பை நெம்பி, டியூபைப் பக்கவாட்டில் உருவி, உப்புத்தாளால் தேய்த்து ஒட்டிவிடுவார். வால்வு பிய்ந்தால் புது டியூப். புது டியூப் என்றால் பின் சக்கரம் இறங்கியே ஆக வேண்டும்.

அப்படி இறக்கி ஏற்றியிருந்தால், பணம் கொடுக்கும் முன் குனிந்து பாருங்கள். டிரம் பிரேக் வண்டி என்றால், பிரேக் தட்டை வண்டியோடு பிடித்து நிறுத்த ஒரு இரும்புப் பட்டை இருக்கும். அவசரத்தில் அதன் நட்டை முடுக்க மறந்தால், பிரேக்கை மிதித்ததும் தட்டும் சேர்ந்து சுற்றி, சக்கரத்தையே இறுக்கிவிடலாம். இறங்கும்போதும் அதே 20 வளைவுகள்தான். அந்தப் பட்டையைக் கையால் ஒரு தடவை ஆட்டிப் பார்த்துவிட்டு, பின்னால் ஏறச் சொல்லுங்கள்.